ஃபேட்டி லிவர்: தானியங்கி ஸ்கேன் தரும் எண்களை எடுப்பது, படிப்பது, சரிபார்ப்பது

வயிற்று ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்ற வரி இல்லாமல் திரும்பி வரும் ஆளை இப்போது நம்ம குமரி மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும் போலிருக்கிறது. கல் இருக்கிறதா பார்க்கப் போனவருக்கும் கர்ப்பப்பை பார்க்கப் போனவருக்கும் அந்த வரி வந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு வகை ஆட்கள். ஒருவர் ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுவார். இன்னொருவர் ராத்திரி முழுக்க போனில் தேடி, விடியும்போது தனக்கு லிவர் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிடுவார்.

நான் டாக்டர் இல்லை, நாகர்கோவிலில் ஸ்கேன் மெஷின் பக்கம் நின்று வேலை பார்க்கிறவன். இப்போது நிறைய மெஷின்களில் கம்ப்யூட்டரே கல்லீரலைக் கண்டுபிடித்து, அளந்து, எண்ணாகக் கொடுக்கிறது. ஏஐ என்று போர்டு வைக்காத இடத்தில்கூட உள்ளே ஏதோ ஒரு தானியங்கிக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த எண்ணை எப்படிச் சரியாக வாங்குவது, எப்படிப் படிப்பது, எப்போது நம்பக்கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொழுப்பு எவ்வளவு என்பதைவிட, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. நம்ம ஆட்கள் தொண்ணூறு பங்கு கவலையையும் முதல் கேள்வியிலேயே செலவழித்துவிடுகிறார்கள்.

அந்த 'கிரேடு' எங்கிருந்து வருகிறது

சாதாரண அல்ட்ராசவுண்டில் கிரேடு என்பது கண்ணால் பார்த்துச் சொல்வது. கல்லீரலையும் பக்கத்தில் இருக்கும் வலது சிறுநீரகத்தையும் ஒரே படத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கல்லீரல் கொஞ்சம் அதிக வெளுப்பாகத் தெரிந்தால் கிரேடு 1, உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்களின் சுவர் மங்கினால் கிரேடு 2, பின்னால் இருக்கும் உதரவிதானமே சரியாகத் தெரியாவிட்டால் கிரேடு 3. மெஷினில் வெளிச்சம் கூட்டி வைத்திருந்தாலோ, ஆள் கனமாக இருந்தாலோ, பார்க்கிற டாக்டர் மாறினாலோ கிரேடும் மாறலாம். அதனால் மார்த்தாண்டத்தில் கிரேடு 1, தக்கலையில் கிரேடு 2 என்று வந்தால் ஒரு மாதத்தில் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இன்னொரு பக்கம், கல்லீரலில் கொழுப்பு 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது அல்ட்ராசவுண்ட் பல நேரம் அதைப் பிடிக்காமலே விட்டுவிடும். கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தாலே அது ஃபேட்டி லிவர்தான். ஆக 'நார்மல்' என்று வந்தவருக்கும் லேசாக இருக்கலாம்.

கண்ணுக்குப் பதிலாக எண் வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தானியங்கி முறைகள் எல்லாம் வந்தன.

படி 1: ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன் ரத்தக் கணக்கு

இதற்கு ஏஐயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். ஃபிப்-4 என்று பெயர். வேண்டியது நான்கு: வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட். லேப் ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடியை ஏஎஸ்டி என்றும் எஸ்ஜிபிடியை ஏஎல்டி என்றும் போட்டிருக்கலாம், பெயர்தான் வேறு.

வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்குங்கள். அது மேலே. பிளேட்லெட்டையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்குங்கள். அது கீழே. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் விடை. பிளேட்லெட்டை இங்கே பல லேபும் லட்சத்தில் கொடுக்கும், இந்தக் கணக்குக்கு அதை ஆயிரத்தில் போட வேண்டும். 2.1 லட்சம் என்றால் 210. இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

ஒரு உதாரணம். வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.1 லட்சம். மேலே 52 பெருக்கல் 48, அதாவது 2496. 64-இன் வர்க்கமூலம் 8, கீழே 210 பெருக்கல் 8, அதாவது 1680. விடை ஏறக்குறைய 1.49.

1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் என்றால் தாமதிக்காமல் கல்லீரல் டாக்டரைப் பார்க்க வேண்டும். நடுவில் வந்தால், மேலே சொன்ன உதாரணத்தைப் போல, தழும்பு கூடினால் கல்லீரல் விறைக்கும் என்பதால், கல்லீரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன் தேவை. வயது 65-ஐத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2 என்று எடுத்துக்கொள்வார்கள். 35-க்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது. காய்ச்சல் அடித்து, பிளேட்லெட் இறங்கிக் கிடக்கும் நேரத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்துப் போட்டுப் பயந்துவிட வேண்டாம், நம்ம ஊரில் டெங்கு சீசனில் இது அடிக்கடி நடக்கும்.

அதோடு ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குடிக்கிற பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் ஆல்கஹால், பெண்ணுக்கு 20 கிராம், இதைத் தாண்டினால் கணக்கே வேறு. 42.8 சதவீதம் உள்ள 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் இருக்கிறது. 'எப்பவாச்சும் ஒரு குவார்ட்டர்' என்று சொல்லும்போது அந்த 'எப்பவாச்சும்' வாரத்தில் எத்தனை நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், டமாக்சிஃபென் மாதிரி மாத்திரைகள் சாப்பிட்டால் அதையும்.

படி 2: எந்த ஸ்கேன்

நான்கு வழி இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் மெஷினுக்குள்ளேயே கொழுப்பை எண்ணாகக் கொடுக்கும் வசதி, ஃபைப்ரோஸ்கேன், சிடி, எம்ஆர்ஐ.

பெரும்பாலானவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் போதும், ஏனென்றால் கொழுப்பு, தழும்பு இரண்டுக்கும் ஒரே அமர்வில் எண் கிடைக்கிறது. எல்லா ஊரிலும் இந்த மெஷின் இருக்காது, பஸ் ஏறுவதற்கு முன் போன் செய்து கேளுங்கள். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்கள் எப்படியும் திருவனந்தபுரம் போய்ப் பழகியவர்கள்தான், ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரர்கள் திருநெல்வேலியைப் பார்ப்பார்கள். போன் செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி 'ஃபைப்ரோஸ்கேன் இருக்கா' என்பது மட்டும் இல்லை, 'கேப் வருமா, எக்ஸ்எல் புரோப் இருக்கா' என்பதும். கேப் என்பது கொழுப்புக்கான எண், புரோப் என்பது உடம்பில் வைத்து அளக்கும் கருவி, எக்ஸ்எல் என்பது கனத்த உடம்புக்கானது. காரணம் கீழே வருகிறது.

கொழுப்பு பார்ப்பதற்காக மட்டும் புதிதாக சிடி எடுக்காதீர்கள். கதிர்வீச்சை வீணாக வாங்கிக்கொள்கிற வேலை அது. ஆனால் வீட்டில் பழைய சிடி கிடந்தால் அது வேறு கதை, அதற்குத் தனியாக வருகிறேன்.

ஃபேட்டி லிவரை மத்திய அரசு 2021 பிப்ரவரியிலேயே தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்துக்குள் சேர்த்துவிட்டது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவர்கள் அங்கேயே பேச்சைத் தொடங்கலாம், ரத்த ரிப்போர்ட்டை வைத்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாமா என்றும் கேட்கலாம். நேரே பெரிய ஸ்கேனில் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

படி 3: வெறும் வயிறு என்றால் வெறும் வயிறு

தினமும் நடக்கிற உரையாடல் இது.

"ஒண்ணும் சாப்பிடல்லியே அண்ணாச்சி?"

"இல்ல தம்பி, புட்டும் பயறும் மட்டும்தான், அதும் காலைல எட்டு மணிக்கு."

மணி ஒன்பதரை. சாப்பிட்டதும் கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டம் கூடும், விறைப்பு எண் அதோடு சேர்ந்து ஏறும். இல்லாத தழும்பு இருப்பதாக மெஷின் காட்டிவிடும், மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வாருங்கள். வயிற்று அல்ட்ராசவுண்டும் சேர்த்து என்றால் பித்தப்பை விரிந்திருக்க வேண்டும், ஆறு மணி நேரமாவது வேண்டும். காலையில் முதல் ஆளாக வந்துவிடுவது எல்லாவற்றுக்கும் நல்லது. பால் சாயாவும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும்.

மஞ்சள்காமாலை, எஸ்ஜிபிடி ஐந்து மடங்கு ஏறிய நிலை, இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்த நிலை, இவை இருக்கும்போது எடுத்தாலும் விறைப்பு பொய்யாக ஏறும். அது தணிந்த பிறகு எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

படி 4: ஃபைப்ரோஸ்கேன் தாளைப் படிப்பது

மல்லாந்து படுக்கச் சொல்வார்கள், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும், அப்போதுதான் விலா எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரியும். ஜெல் தடவி, புரோபை இரண்டு விலாவுக்கு நடுவில் நேராக வைப்பார்கள். பட்டனை அழுத்தும்போது தோலில் 'டொக்' என்று சின்னத் தட்டு ஒன்று விழும், வலிக்காது. அந்தத் தட்டு கல்லீரலுக்குள் ஒரு அலையாகப் போகிறது, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று மெஷின் கணக்கெடுக்கிறது. விறைத்த கல்லீரலில் வேகம் கூடும். தாளில் கிலோபாஸ்கல் என்று வருவது இதுதான். அதே நேரத்தில் அல்ட்ராசவுண்ட் ஒலி உள்ளே போகப் போக எவ்வளவு தேய்கிறது என்றும் பார்க்கிறது. கொழுப்பு கூடினால் தேய்மானம் கூடும். 'கேப்' என்று டெசிபலில் வருவது அது, 100 முதல் 400 வரை இருக்கும்.

ரிப்போர்ட்டில் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கு முன்னால் சின்ன எழுத்தைப் பாருங்கள். சரியான அளவீடு 10 இருக்கிறதா? 'ஐக்யூஆர்/மீடியன்' என்ற இடத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்கிறதா? பத்துத் தட்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைச் சொல்லும் எண் அது. கல்லீரல் விறைப்பு 12 என்று போட்டு, பக்கத்தில் 45 சதவீதம் என்று இருந்தால் அந்த 12-ஐ வைத்து யாரையும் நோயாளி ஆக்கக்கூடாது, திரும்ப எடுக்க வேண்டும். கேப்புக்குத் தனி ஐக்யூஆர் வரும், அது 40-க்குள் இருந்தால் நல்லது. அப்புறம் புரோப். தோலிலிருந்து கல்லீரல் வரை 25 மில்லிமீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் எக்ஸ்எல் புரோப் போட வேண்டும். மெஷினே 'மாற்று' என்று சொல்லும், ஆனால் அந்த சென்டரில் எக்ஸ்எல் இல்லாவிட்டால் சாதாரண எம் புரோபிலேயே எடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு, அப்போது இரண்டு எண்ணும் நிஜத்தைவிட ஏறி வரும். ரிப்போர்ட்டில் எம், எக்ஸ்எல் என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும், பாருங்கள்.

இதெல்லாம் சரி என்றால் பெரிய எழுத்துக்கு வரலாம். விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே: முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 8 முதல் 12: உறுதியாகச் சொல்ல முடியாத இடம், டாக்டர் இன்னொரு பரிசோதனை கேட்கலாம். 12-க்கு மேல்: கல்லீரல் டாக்டர், கட்டாயம். கேப்பில் பலரும் பயன்படுத்தும் வரம்புகள் 248, 268, 280. 248-ஐத் தாண்டினால் கொழுப்பு இருக்கிறது (எஸ்1), 268-ஐத் தாண்டினால் நடுத்தரம் (எஸ்2), 280-ஐத் தாண்டினால் அதிகம் (எஸ்3). இந்த மூன்றும் ஒன்றோடொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன பாருங்கள். சர்க்கரையும் உடல் எடையும் சேர்ந்தால் அதிலும் பத்து டெசிபல் இங்குமங்கும் போகும். ஆகவே 'எஸ்2-லிருந்து எஸ்3-க்குப் போயிட்டேன்' என்று 270, 283 இரண்டையும் வைத்துக்கொண்டு அழ வேண்டாம். கேப் 330, விறைப்பு 5 உள்ளவரைவிட கேப் 250, விறைப்பு 13 உள்ளவரைத்தான் நான் ஆளை அனுப்பித் தேடுவேன்.

மெஷினுக்குள் கொழுப்பு எண் காட்டும் சாதாரண அல்ட்ராசவுண்டுகளும் இப்போது வருகின்றன. கெனான், ஜிஇ, சாம்சங் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, அடிப்படை ஒன்றுதான்: அந்த ஒலித் தேய்மானம். ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தானே கண்டுபிடித்து இரண்டின் வெளுப்பையும் வகுத்துச் சொல்லும் வகையும் உண்டு, சிறுநீரக நோய் உள்ளவருக்கு அது உதவாது.

படி 5: அலமாரியில் கிடக்கும் பழைய சிடி

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

சிறுநீரகக் கல்லுக்கு எடுக்கும் சிடி கேயூபி மருந்து ஏற்றாமல் எடுப்பது. 2020, 2021-இல் கொரோனா நேரத்தில் எடுத்த நெஞ்சு சிடியும் பெரும்பாலும் அப்படித்தான், அதன் கடைசிப் படங்களில் கல்லீரலின் மேல்பாதியும் மண்ணீரலும் விழுந்திருக்கும். அந்தப் படங்களில் கொழுப்பின் அளவு ஏற்கனவே பதிவாகிக் கிடக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான். சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற எண் உண்டு. தண்ணீர் 0, கொழுப்பு கழித்தல் 100 வாக்கில். நல்ல கல்லீரல் 55 முதல் 65, மண்ணீரலைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். கொழுப்பு சேரச் சேரக் கல்லீரலின் எண் இறங்கும்.

முன்பெல்லாம் வட்டம் போட்டு அளப்போம். இப்போது கல்லீரல் முழுவதையும் கம்ப்யூட்டரே வெட்டி எடுத்துக் கொடுக்கிறது. சுவிட்சர்லாந்தில் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவாக்கிய டோட்டல்செக்மென்டேட்டர் என்ற இலவச மென்பொருள் 2023-இல் ஆய்விதழில் வெளியானது, அப்போதே அது 104 உடல் பகுதிகளைத் தானாகப் பிரித்தது. வீட்டில் மருத்துவம், ரேடியோகிராபி, கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் செய்து பார்க்கலாம்.

சென்டர் கொடுத்த டிஸ்க் அல்லது பென்டிரைவில் டைகாம் கோப்புகள், அதாவது மெஷினிலிருந்து வந்த மூலப் படக் கோப்புகள், இருக்கின்றனவா பாருங்கள். ஃபிலிமை போனில் படம் பிடித்தது, வாட்ஸாப்பில் வந்தது, ஜேபெக், இதெல்லாம் ஆகாது. அதில் வெளுப்பு கறுப்பு மட்டும்தான் இருக்கும், ஹவுன்ஸ்ஃபீல்டு எண் போயிருக்கும். சாட்பாட்டில் ஃபிலிம் படத்தைப் போட்டு 'கொழுப்பு எவ்வளவு' என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். அது அழகாக ஒரு பதில் எழுதித் தரும், அளந்திருக்காது.

கம்ப்யூட்டரில் 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அதன் எக்ஸ்டென்ஷன் மேனேஜரில் டோட்டல்செக்மென்டேட்டரைத் தேடிச் சேர்த்துவிட்டு, மூடித் திறங்கள். டைகாம் கோப்புறையை உள்ளே இழுத்துப் போட்டால் பல வரிசைகள் காட்டும், அதில் மருந்து ஏற்றாத வரிசையைத் தேர்ந்தெடுங்கள். 'பிளெயின்' அல்லது 'என்சி' என்று பெயர் இருக்கலாம். மருந்து ஏற்றிய படத்தில் எல்லா எண்ணும் தாறுமாறாக ஏறியிருக்கும். டோட்டல்செக்மென்டேட்டர் பக்கத்துக்குப் போய், கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால் 'ஃபாஸ்ட்' என்பதில் டிக் போட்டு ஓட விடுங்கள். முதல் தடவை பெரிய டவுன்லோடு ஒன்று நடக்கும், நெட் நன்றாக இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

முடிந்ததும் எண்ணுக்கு ஓடாதீர்கள். படத்தை மேலிருந்து கீழே உருட்டிப் பாருங்கள். கல்லீரல் நிறம் பித்தப்பைக்குள் வழிந்திருக்கிறதா? கட்டி, நீர்க்கட்டி எதையாவது சேர்த்திருக்கிறதா? கையைக் கீழே வைத்துப் படுத்து எடுத்த படம் என்றால் குறுக்கே கோடு கோடாக இருக்கும், அந்த இடத்து எண்களை நம்ப முடியாது. செக்மென்ட் எடிட்டரில் 'மார்ஜின்' கருவியை வைத்துக் கல்லீரலின் ஓரத்தைச் சில மில்லிமீட்டர் சுருக்கிவிடுங்கள், பக்கத்து வயிற்றுக் கொழுப்பும் நுரையீரல் காற்றும் கலந்த ஓரப் புள்ளிகள் கழிந்துவிடும். மண்ணீரலுக்கும் அப்படியே. கடைசியாக செக்மென்ட் ஸ்டாடிஸ்டிக்ஸ் பக்கத்தில் கல்லீரல், மண்ணீரல் இரண்டின் மீடியனையும், அதாவது நடு எண்ணையும், எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லீரல் 40-க்குக் கீழே, அல்லது மண்ணீரலைவிட 10-க்கு மேல் குறைவு என்றால் நடுத்தரம் அல்லது அதற்கு மேல் கொழுப்பு, ஏறக்குறைய 30 சதவீதமும் அதற்கு மேலும். 40-க்கும் 55-க்கும் நடுவில் என்றால் லேசாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சிடிக்கு அந்த இடத்தில் கூர்மை போதாது. இந்த வரம்புகள் 120 கேவியில் (எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) எடுத்த படத்துக்கு. 100 கேவியில் எடுத்திருந்தால் எண் மாறும். அடிக்கடி ரத்தம் ஏற்றி இரும்பு சேர்ந்தவருக்கும், இதயத்துக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவருக்கும் கல்லீரல் எண் ஏறி நின்று கொழுப்பை மறைத்துவிடும்.

இந்த எண்ணை டாக்டரிடம் சொல்லலாம், மருத்துவ ரிப்போர்ட்டாகக் கொடுக்க முடியாது. அது ஆராய்ச்சிக்கான கருவி. கொரோனா நேரத்துச் சிடி என்றால் அது அன்றைய நிலவரம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனாலும் 2021-லேயே 35 இருந்திருக்கிறது என்று தெரிந்தால், இப்போது வந்த கிரேடு 2 புதிது இல்லை என்று டாக்டருக்குப் புரியும், அது பெரிய தகவல். இன்னொன்று, டைகாம் கோப்புக்குள் பெயர், வயது, மருத்துவமனை எண் எல்லாம் இருக்கும். 'இலவச ஏஐ ஸ்கேன் ரிப்போர்ட்' என்று வருகிற முகம் தெரியாத வெப்சைட்டில் ஏற்றாதீர்கள். ஸ்லைசர் நம்ம கம்ப்யூட்டரிலேயே ஓடுவதால் படம் வெளியே போகாது.

படி 6: எம்ஆர்ஐ யாருக்கு

கொழுப்பை அளப்பதில் எம்ஆர்ஐ பிடிஎஃப்எஃப்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கணக்காகச் சொல்லும். மூச்சை 20 நொடி போலப் பிடித்தால் ஒரு தொகுப்புப் படம் வந்துவிடும், கொழுப்பிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வரும் சிக்னலைப் பிரித்து, சதவீதமாகவே கொடுக்கும். 5-ஐத் தாண்டினால் ஃபேட்டி லிவர். கம்ப்யூட்டர் கல்லீரலின் எட்டுப் பகுதிகளுக்கும் தனித்தனியாக எண் கொடுப்பதால், கொழுப்பு திட்டுத் திட்டாக இருந்தாலும் ஏமாறாது. செலவு அதிகம். கல்லீரல் தானம் கொடுக்கப் போகிறவர், மருந்து ஆராய்ச்சியில் இருப்பவர், ஃபைப்ரோஸ்கேன் சரியாக வராத அளவுக்கு உடல் கனத்தவர், இப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர் சொன்னால் எடுக்கலாம். 'எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பாத்துருவோம்' என்று எடுக்க வேண்டியது இல்லை. மூச்சு நடுவில் விட்டுவிட்டால் படம் கலைந்து எண்ணும் கெடும், முன்னாலேயே பழகிவிட்டுப் போங்கள்.

படி 7: டாக்டர் முன்னால் வைப்பது, மறுபடி எடுப்பது

ஒரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை மூன்று மாதச் சராசரி, ஃபிப்-4, விறைப்பு எண் பக்கத்தில் ஐக்யூஆர், கேப், எந்த புரோப், எந்த மெஷின், எந்தத் தேதி. நம்ம உடல்வாகுக்கு பிஎம்ஐ 23-லேயே கூடுதல் எடை, ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் கவனிக்க வேண்டும். ஒல்லியாக இருக்கிறவருக்கும் ஃபேட்டி லிவர் வரும், அவரிடம் 'உனக்கெல்லாம் வராது' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு எண் இறங்கத் தொடங்கும், வீக்கம் தணிய 7 முதல் 10 வேண்டும், தழும்பு குறைய 10-க்கு மேல். 80 கிலோ ஆளுக்கு முதல் இலக்கு 4 கிலோ. மரச்சீனியும் மீன்கறியும் முழுசாக விட வேண்டாம், ஆனால் ஒரு தட்டு மரச்சீனிக்கு அப்புறம் சோறும் சாப்பிடுகிற பழக்கத்தைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டும். நாலு மணிச் சாயாவோடு வருகிற பழம்பொரியைப் பற்றியும்.

ஃபிப்-4 1.3-க்குக் கீழே இருந்தால், சர்க்கரை உள்ளவர் ஒன்று இரண்டு வருடத்தில் ஒருமுறை, மற்றவர் இரண்டு மூன்று வருடத்தில் ஒருமுறை ரத்தக் கணக்கைத் திரும்பப் போட்டால் போதும். மாதாமாதம் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், காசுக்குப் பிடித்த கேடு. கல்லீரல் சுருங்கிப்போய் சிரோசிஸ் என்று சொல்லிவிட்டவருக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தப்பக்கூடாது, அது கொழுப்புக்காக இல்லை, கட்டி ஏதும் வருகிறதா என்று பார்க்க.

திரும்ப எடுக்கும்போது அதே மெஷின், அதே புரோப், அதே மாதிரி வெறும் வயிறு. கிளம்புவதற்கு முன் கவுண்டரில் டைகாம் காப்பியைக் கேட்டு வாங்குங்கள். அச்சடித்த தாள் மட்டும் போதும் என்று வந்துவிட்டால், பின்னால் வேறு டாக்டர் கேட்கும்போது சென்டரில் அந்தப் படம் இன்னும் இருக்கும் என்று சொல்ல முடியாது.